துண்டுச் சுருட்டும் சுங்கானும்

சுருட்டுப் பிடிப்போர் சிலரிடையே ஒரு வழக்கம் உண்டு. பெரும்பகுதி புகைத்து அணைத்த சுருட்டின் எஞ்சிய துண்டை அவர்கள் எறிந்துவிடுவதில்லை. அத்தகைய துண்டுகளை ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்து, கருகிய முனையைக் கத்தரித்து நீக்கி, மீதியை விரல்களால் உதிர்த்து, சுங்கானில் அடைத்துப் புகைக்கின்றனர். விலை கொடுத்து வாங்கிய பொருள் வீணாகலாகாது என்பதே இதற்குக் கூறப்படும் நியாயம். மேல்நாடுகளில் வசதி படைத்த சுங்கான் பிரியர்கள் இதனை ஒரு நுட்பமான கலை போலப் பேசுவர். வறியவருக்கோ இது கலையன்று, தேவை. ஆயினும் இரு சாராருடைய எண்ணத்திலும் ஒரே பிழை அடங்கியுள்ளது. துண்டு என்பது சுருட்டில் புகைக்கப்படாமல் மிஞ்சிய பகுதி என்று அவர்கள் கொள்கின்றனர். இரசாயன நோக்கில் அது அவ்வாறன்று. முன்னே எரிந்த பகுதியிலிருந்து இழுக்கப்பட்ட புகை அனைத்தும் அத்துண்டின் வழியாகவே சென்றிருக்கிறது. செல்லும்போது தன் சுமையில் ஒரு பங்கை அங்கேயே இறக்கி வைத்தும் இருக்கிறது.

சுருட்டின் நுனியில் நிகழ்வதைச் சற்று விரிவாகப் பார்த்தல் நலம். புகைப்பவர் இழுக்கும்போது எரிமுனையின் வெப்பநிலை சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வரை உயர்கிறது. அந்தத் தணலுக்குச் சற்றுப் பின்னால் உள்ள இலை எரிவதில்லை. அங்கே பிராணவாயு போதிய அளவு இருப்பதில்லை. வெப்பம் மட்டும் மிகுந்திருப்பதால் இலையிலுள்ள பொருள்கள் சிதைந்தும் ஆவியாகியும் வெளிப்படுகின்றன. நிக்கோட்டின் 247 டிகிரியில் கொதிக்கும் பொருள். தணலை அடுத்த பகுதியில் அது எளிதில் ஆவியாகும். இவ்வாவிகள் வாயை நோக்கி நகர்ந்த உடனேயே குளிர்ச்சியான இலைகளைச் சந்திக்கின்றன. சில சென்டிமீட்டர் தூரத்திற்குள் வெப்பம் விரைந்து தணிகிறது. ஆவி நுண்ணிய துளிகளாக உறைகிறது. கண்ணுக்குப் புகையாகத் தோன்றுவது பெரும்பாலும் இத்துளிகளின் திரளே. அவற்றில் ஒரு பகுதி வாயைச் சேர்கிறது. மற்றொரு பகுதி வழியிலுள்ள இலைத் துணுக்குகளின் மீது படிந்துவிடுகிறது.

தணல் முன்னேறும்போது, முன்பு படிந்த பொருள் மறுபடியும் ஆவியாகி, இன்னும் சற்றுத் தள்ளிப் படிகிறது. மீண்டும் மீண்டும் நடைபெறும் இந்த வாலை வடிப்பின் இறுதியில் சேகரமாகும் இடம் எது? வாயருகே உள்ள கடைசித் துண்டேயாகும். ஆகவேதான், எந்தச் சுருட்டிலும் முதல் இழுப்புகளைவிடக் கடைசி இழுப்புகளில் நிக்கோட்டினும் தாரும் மிகுதியாக உள்ளன. அனுபவம் மிக்க சுருட்டுக்காரர்கள் சுருட்டு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் கீழே வைத்துவிடுவது நாகரிகம் பற்றி மட்டுமன்று. சூடும் கசப்பும் காரமும் நாவைத் தாக்கத் தொடங்குகின்றன. அவர்களுடைய நாக்கு உணர்ந்து ஒதுக்கும் பகுதியைத்தான் சிக்கனம் என்ற பெயரால் சுங்கானுக்கு மாற்றுகின்றனர்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான மறுப்புக்கு இடம் தரவேண்டும். சுங்கான் புகையிலைக் கலவைகள் சிலவற்றில் சுருட்டு இலையும் சேர்க்கப்படுகிறது. சுருட்டு ஆலைகளில் சுற்றும்போது விழும் கத்தரிப்புகளையும் உதிரி இலைகளையும் வீணாக்காமல் சிறு சுருட்டுகளுக்கு உள்ளீடாக இடுவதும் வழக்கம். சுருட்டு இலை சுங்கானில் எரிவது புதுமையன்று என்பது உண்மையே. ஆனால் ஆலைக் கத்தரிப்பு நெருப்பையே காணாத இலை. துண்டோ தனக்கு முன்னிருந்த இலையின் புகையை வடிகட்டிய இலை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கூறுவது, புதிய வடிகட்டித் துணியையும் காப்பி வடிகட்டிய துணியையும் ஒன்றெனக் கூறுவது போன்றதாகும். கருகிய முனையைக் கத்தரித்துவிட்டால் போதும் என்ற வாதமும் நில்லாது. கண்ணுக்குத் தெரியும் கரி, சாம்பல் ஆகியவற்றால் வரும் தீங்கு சிறிது. தீங்கு மிகுந்தது கரிக்குப் பின்னால், பழுப்பேறி ஈரப்பசையோடு இருக்கும் பகுதியே. அதையே நல்ல பகுதி என்று வைத்துக்கொள்கின்றனர்.

இரவு முழுதும் கிடந்த துண்டின் மணம் மாறிவிடுவதற்கும் இதுவே காரணம். எளிதில் ஆவியாகும் நறுமணப் பொருள்கள் காற்றில் கலந்து போகின்றன. எளிதில் ஆவியாகாத தார்ப் பொருள்கள் தங்கிவிடுகின்றன. விடிந்ததும் ஜாடியைத் திறப்பவர் முகத்தில் அடிக்கும் நாற்றம் சுருட்டின் பழைய நறுமணத்துக்கு எவ்விதத்திலும் உறவில்லாதது.

இப்பழக்கம் நேற்றுத் தோன்றியதன்று. இலக்கியத்திலும் இதற்கு நெருங்கிய ஓர் உதாரணம் உள்ளது. ஆர்தர் கானன் டாயில் 1892-இல் வெளியிட்ட ‘பொறியாளரின் கட்டைவிரல்’ என்னும் கதையில், துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் காலை உணவுக்கு முன் புகைப்பது முந்திய நாள் சுங்கான்களின் அடியில் தங்கிய எச்சங்களையே. அவற்றைக் கணப்பின் மேல் மாடத்தில் பத்திரமாக உலர்த்தி வைத்திருப்பார். அதே ஹோம்ஸ் 1887-இல் வெளிவந்த முதல் நாவலில் ஒரு கொலை நிகழ்ந்த அறையில் கிடந்த சாம்பலைக் கண்டு, அது திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பல் என்று கூறுகிறார். உறையூர்ச் சுருட்டு அக்காலத்தில் இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தமைக்கு இது ஒரு சான்று. 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஆய்வுரை எழுதியவராக வருணிக்கப்படும் அப்பாத்திரம், தம் காலைச் சுங்கானில் இருப்பது என்ன என்று ஆராயாதது வியப்புக்குரியது. கானன் டாயிலோ எடின்பரோவில் பயின்ற மருத்துவர். ஆயினும் அவரைக் குறை கூறுவதற்கில்லை. புகையிலைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தில் டால், ஹில் ஆகியோரும் அமெரிக்காவில் வைண்டர், கிரஹாம் ஆகியோரும் விரிவான ஆய்வுகளால் எடுத்துக்காட்டியது 1950-இல்தான்.

கதைக்கு வெளியே இப்பழக்கம் வறுமையோடு பின்னிக் கிடந்தது. 1851-இல் ஹென்றி மேஹியூ லண்டன் நகரத்து ஏழை உழைப்பாளிகளைப் பற்றி எழுதிய பெருநூலில், தெருக்களில் சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கிப் பிழைப்போரை ஒரு தனித் தொழிற்பிரிவாகவே சேர்த்திருக்கிறார். பொறுக்கிய துண்டுகள் உலர்த்தப்பட்டு மிகவும் வறியவர்களுக்குப் புகையிலையாக விற்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்தில் மொபேர் சதுக்கம் இத்தகைய துண்டுகளின் சந்தையாகவே விளங்கியது. பிரான்ஸில் 1810-இல் நெப்போலியன் புகையிலையை அரசின் ஏகபோகமாக்கினார் என்பதை இதனுடன் சேர்த்து நோக்கவேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948-இல் நாணயச் சீர்திருத்தம் வரும்வரை, ஜெர்மனியில் சிகரெட்டே நாணயமாக வழங்கிய நாட்களில், அந்நியப் போர்வீரர்கள் எறிந்த துண்டுகளைப் பொறுக்கி மறுபடி சுற்றுவது பிழைப்பாகவே இருந்தது. புகையிலையின் விலை உயரும்போது எச்சத்துக்கும் விலை ஏற்படுகிறது. பொருளாதார நிபுணர்கள் இதனை விளக்கவேண்டியதில்லை. தெருவில் குனிந்து பொறுக்குபவர் அறிவார்.

சுருட்டுத் துண்டு சிகரெட் துண்டைக் காட்டிலும் கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. அதற்குக் காரணம் அளவு மட்டுமன்று. ஆயினும் அளவும் சிறிதன்று: ஒரு சிகரெட்டில் உள்ள புகையிலை ஒரு கிராமுக்கும் குறைவு, பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கக்கூடும். அதன் மூன்றில் ஒரு பங்கு எஞ்சினாலே ஒரு சுங்கான் நிறையும். இதைவிட முக்கியமானது புகையின் காரத்தன்மை. சூடான காற்றில் பதப்படுத்திய சிகரெட் இலையின் புகை அமிலத்தன்மை வாய்ந்தது. நிழற் காற்றில் உலர்த்தி, நொதிக்க வைத்துப் பக்குவப்படுத்திய சுருட்டு இலையின் புகையில் அம்மோனியா மிகுதி. அது காரத்தன்மை வாய்ந்தது. அதிலும் முதல் இழுப்புகளில் காரம் குறைவாகவும், சுருட்டு குறையக் குறைய மிகுந்தும், இறுதியில் பி.எச். அளவில் 8-ஐக் கடந்தும் செல்கிறது.

இந்த எண்ணின் பொருள் யாது? அமிலப் புகையில் நிக்கோட்டின் உப்பாகக் கட்டுண்டு கிடக்கிறது. பி.எச். 6 என்ற நிலையில் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கே கட்டற்று இருக்கும். பி.எச். 8-இல் ஏறக்குறையப் பாதி கட்டற்றதாகிவிடுகிறது. கட்டற்ற நிக்கோட்டின் வாயின் மெல்லிய சவ்வுகளின் வழியே நேராக இரத்தத்தில் கலக்க வல்லது. சிகரெட் புகைப்பவருக்கு நிக்கோட்டின் கிடைக்க வேண்டுமானால் அவர் புகையை நுரையீரலுக்குள் இழுத்தாகவேண்டும். சுருட்டுக்காரருக்கும் சுங்கான்காரருக்கும் வாயில் வைத்திருந்தாலே போதும். சுருட்டின் கடைசிப் பகுதியை மட்டும் சேகரித்துச் சுங்கானில் நிரப்புபவர், நிக்கோட்டினும் காரமும் இரண்டும் உச்சத்தில் உள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்துப் புகைக்கிறார் எனலாம். முதன்முறை முயல்பவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் குளிர்வியர்வையும் வருவதில் வியப்பில்லை. இதனைச் சுருட்டின் ‘வீரியம்’ என்று புகழ்வோர் உண்டு. நிக்கோட்டின் உடலில் அளவுக்கு மீறிச் சேர்ந்ததன் அறிகுறிகள் அவை.

‘புகையை உள்ளே இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை’ என்பது சுருட்டையும் சுங்கானையும் சூழ்ந்துள்ள மிகப் பழைய நம்பிக்கை. இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிகரெட் புகைப்பவரைவிடச் சுருட்டும் சுங்கானும் மட்டும் புகைப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாகவே வருகிறது. ஆனால் குறைவு என்பது இல்லை என்பதாகாது. 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்த அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, சுங்கான் புகைப்பதற்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் காரணத் தொடர்பு இருப்பதை ஏற்றது. அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 1998-இல் சுருட்டைப் பற்றி மட்டும் வெளியிட்ட தனி நூல், வாய், குரல்வளை, உணவுக்குழல், நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களுக்குச் சுருட்டு காரணமாகிறது என்று முடிவு கூறிற்று. மேலும், சிகரெட்டில் பழகிச் சுருட்டுக்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தின்படியே புகையை உள்ளே இழுப்பது மிகுதி. துண்டுகளைப் பொறுக்கிப் புகைப்போர் பெரும்பாலும் எந்த வகைப் புகையிலை கிடைத்தாலும் புகைப்பவர்களே.

இந்தியாவில் வாயும் புகையிலையும் கொண்ட உறவுக்குத் துயரமான சான்று ஆந்திரக் கடற்கரையில் உள்ளது. ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் மாவட்டங்களில் ‘சுட்டா’ எனப்படும் நாட்டுச் சுருட்டை, எரியும் முனை வாய்க்குள் இருக்குமாறு வைத்துப் புகைக்கும் வழக்கம் பெண்களிடையே பரவியிருந்தது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் ஃபாலி மேத்தா தலைமையில் 1966 முதல் இயங்கிய பல் ஆராய்ச்சிப் பிரிவினர் நம் நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று வாயைப் பரிசோதித்தனர். தலைகீழாகப் புகைப்போரின் மேலண்ணத்தில் புண்ணும் புற்றுநோயும் மிகுந்திருந்ததை அவ்வாய்வுகள் காட்டின. மற்ற மக்களிடம் அண்ணத்தில் புற்றுநோய் வருவது அரிது. புகையும் வெப்பமும் எங்கே படுகின்றனவோ அங்கே நோய் தோன்றுகிறது என்பது இதனால் தெளிவாகும். சுங்கான் பிடிப்பவருக்கு உதட்டில் தோன்றுவதும் இதே விதியின்படிதான்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பாதி புகைத்த சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, களை எடுத்து முடித்த பின் மறுபடி பற்றவைக்கும் முதியவரைக் காணாதார் இலர். சுங்கான் இல்லையே தவிர, இரசாயனம் ஒன்றே. ஒரு சுருட்டை இரண்டு நேரத்துக்கு வைத்துக்கொள்ளும் அவர், தாம் குறைவாகப் புகைப்பதாகவே எண்ணுகிறார். மருத்துவர் வினவினால், நாளொன்றுக்கு இரண்டு சுருட்டு என்பார். கணக்கில் அது சரியே. ஆனால் எதையும் எறியாமல் அடிவரை புகைத்த இரண்டு சுருட்டு, மூன்றில் ஒரு பங்கை எறிந்துவிட்ட இரண்டு சுருட்டுக்கு ஈடாகாது. கூடுதலாகப் புகைத்த அந்தப் பங்கு மிகச் செறிந்த பங்கு.

பிறர் எறிந்ததைப் பொறுக்கிப் புகைப்போர் நிலை இன்னும் மோசம். அமெரிக்கப் பெருநகரங்களில் வீடற்றவர்களிடையே நடந்த ஆய்வுகள், இப்பழக்கம் அவர்களிடம் மிகச் சாதாரணமாக இருப்பதைக் காட்டியுள்ளன. பிறர் எச்சிலும் தெருப் புழுதியும் கலந்த பொருளை உதட்டில் வைப்பதால் வரக்கூடிய தொற்று வேறு. சுங்கானில் இடும்போது உதடு நேராகத் துண்டில் படுவதில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். உதிர்த்த கை வாய்க்குப் போகாமல் இருப்பதில்லை.

துண்டைப் புகைக்காமல் வேறு வகையில் பயன்படுத்தலாமே என்று சிக்கனப் பிரியர் கேட்கலாம். புகையிலைக் கஷாயத்தை அசுவினிப் பூச்சிகளின் மீது தெளிப்பது பழைய முறை. நிக்கோட்டின் சல்பேட் ஒரு காலத்தில் பூச்சிமருந்தாக விற்கப்பட்டது. அதன் நச்சுத்தன்மை காரணமாக இந்தியாவில் அதனைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. துண்டுகளை ஊறவைத்த நீரைக் குழந்தைகளும் கால்நடைகளும் உலவும் வீட்டில் வைத்திருப்பது அறிவுடைமையாகாது. தோட்டத்திற்கும் அது உகந்ததன்று. புகையிலைத் தேமல் நோயை உண்டாக்கும் வைரஸ், உலர்ந்து பதப்பட்ட இலையிலும் பல ஆண்டுகள் வீரியம் குன்றாமல் இருக்கும். 1935-இல் ஸ்டான்லி என்பவர் படிகமாகப் பிரித்தெடுத்த புகழ்பெற்ற வைரஸ் அதுவே. சுருட்டைத் தொட்ட கையால் தக்காளி, மிளகாய் நாற்றுகளைத் தொட்டாலே நோய் பரவக்கூடும் என்று நாற்றங்கால் வேலையாட்களை வேளாண்மைத் துறையினர் எச்சரிப்பது இதனால்தான். ஆலைக் கழிவின் கதை வேறு. ராஜமகேந்திரவரத்தில் 1947-இல் நிறுவப்பட்ட மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், புகையிலைக் கழிவிலிருந்து நிக்கோட்டினையும், மருந்துத் தொழிலுக்குப் பயன்படும் சோலனசோல் என்ற பொருளையும் பிரித்தெடுக்கும் முறைகளை வகுத்துள்ளனர். நெருப்பில் படாத, ஒரே சீரான கழிவு டன் கணக்கில் கிடைக்குமிடத்தில் அது சாத்தியம். தகரப் பெட்டியில் சேர்ந்த பத்துத் துண்டுகளுக்குக் குப்பைத்தொட்டியே இடம்.

அரசின் கொள்கையிலும் இது ஓர் இடைவெளியாகவே உள்ளது. 2016-17-இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 28.6 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 26.7 கோடிப் பேர், ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர். புகைப்போர் மட்டும் 10.7 சதவீதம். அந்த ஆய்வில் சிகரெட், பீடி, சுருட்டு, உக்கா என வகைகள் உண்டு. புகைத்த துண்டை மறுபடியும் புகைப்பதற்கு ஒரு வரிசை இல்லை. புகையிலையின் மீது வரியை உயர்த்துவது நுகர்வைக் குறைக்கும் சிறந்த வழி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கொள்கை. அது சரியான கொள்கையே. ஆனால் வரி உயரும்போது பழக்கத்தை விட இயலாதவர் கை எச்சத்தை நோக்கி நீளும் என்பதை லண்டனும் பாரிஸும் முன்பே காட்டியிருக்கின்றன. வரியை உயர்த்தும் அரசு, விட விரும்புவோருக்கு உதவியையும் அதே வேகத்தில் கிராமம் வரை கொண்டு செல்லவில்லையானால், சுமை மிகவும் வறியவர் மீதே விழும்.

எச்சரிக்கையும் அவரைச் சென்றடைவதில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் புகையிலைப் பொருள்களின் உறைகளில் படத்துடன் கூடிய எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. சுருட்டை உறையோடு வாங்குபவர் அதனைக் காண்கிறார். துண்டுக்கு உறை இல்லை. அதைப் புகைப்பவர் கண்ணில் எச்சரிக்கையும் படுவதில்லை. புகையிலையை விட உதவும் தேசியத் தொலைபேசிச் சேவையின் கட்டணமில்லா எண்ணான 1800-11-2356-உம் படுவதில்லை, அந்த எண்ணும் உறையின் மீதுதான் அச்சிடப்படுகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களின் சுவரில் அதனைப் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு அங்குள்ள செவிலியரே அந்த எண்ணுக்கு அழைத்துப் பேசச் செய்யலாம். வாய்ப் பரிசோதனைக்கு வருவோரிடம் ‘நாளொன்றுக்கு எத்தனை?’ என்று வினவும் சுகாதார ஊழியர், ‘அணைத்த துண்டை மறுபடி புகைப்பதுண்டா? அடிவரை புகைப்பதுண்டா?’ என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கவேண்டும். பதில் ஆம் எனில் உதட்டின் உட்புறத்தையும் அண்ணத்தையும் நாக்கின் ஓரங்களையும் விளக்கொளியில் ஒருமுறை கூடுதலாகப் பார்ப்பதற்கு இரண்டு நிமிடங்களே பிடிக்கும்.